கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய பி.டி. பீரியட்

நடுவர் கேட்டது ரொம்ப சாதாரணமான கேள்விதான். "நீங்கள் செய்து பார்த்து, சரிவராமல் போன ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

ஆறு பிள்ளைகளும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் அணியின் பெயர். ஐந்து நிமிடம் முன்புவரை மனப்பாடம் செய்த பேச்சை மழை மாதிரி கொட்டியவர்கள், இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் உள்ளே உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. அதுதான் விதி. எனக்கோ பதில் தெரியும். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து தெரியும். பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகியிருந்தால் ரோபோ கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது. பாய் மேல் தூசி படிந்தால் சக்கரம் வழுக்கியது. வெளிச்சம் மாறினால் நிறம் பார்க்கும் சென்சார் கறுப்புக் கோட்டைத் தவறவிட்டது. இதெல்லாம் ராத்திரி 12 மணிக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகு, எங்கள் வீட்டு கராஜில் நான் தனியாக உட்கார்ந்து பட்ட பாடு.

அதாவது, தோற்றதெல்லாம் நான். என் மகளிடம் சொல்வதற்குச் சொந்தமாக ஒரு தோல்விகூட இல்லை.

இது நடந்தது 2024 இறுதியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில். போட்டியின் பெயர் ஃபர்ஸ்ட் லெகோ லீக். இங்கே இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த பெயர்தான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4-ஆம் வகுப்பிலிருந்து 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள், ஒரு அணிக்கு அதிகபட்சம் 10 பேர். லெகோ துண்டுகளால் ஒரு ரோபோ செய்து, அதற்கு நிரல் எழுதி, ஒரு பெரிய மேசை மேல் விரித்த பாயில் ஓடவிட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை நிமிடம். ஆனால் ரோபோ ஆட்டம் என்பது கால் பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள், அந்த வருடத் தலைப்பில் ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்து என்ன தீர்வு கண்டீர்கள், அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்று மீதி மூன்றுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசித்தான் போடுவார்கள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் மகள் சொன்னாள்: "அப்பா, அது உங்க ரோபோட்ப்பா. நீங்களே ஜட்ஜ்கிட்ட பேசியிருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருஷம் நான் வரல."

அவளுக்கு அப்போது 10 வயது.

ஹாக்கி மட்டை பரணுக்குப் போன கதை

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால், என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வருகிறது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கடலைமிட்டாய் எப்படியோ அப்படித்தான் ஹாக்கியும். எட்டாவது, ஒன்பதாவது வரை நானும் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. லெஃப்ட் ஹாஃபில் நின்று பந்தைத் தடுப்பேன். பத்தாவது வந்ததும் அப்பா மட்டையை வாங்கிப் பரணில் போட்டுவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பரீட்சை முடிஞ்சதும் எடுத்துக்கலாம்யா" என்றார். பரீட்சை முடியவே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் அந்தக் காலத்தில் இருந்த பொறியியல் நுழைவுத் தேர்வு, அப்புறம் காலேஜ், அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ.

பள்ளியிலும் அதே கதை. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் அட்டவணையில் இருக்கும். நாங்கள் மைதானத்துக்குக் கிளம்பும்போது கணக்கு வாத்தியார் வாசலில் நிற்பார். "இன்னைக்கு மட்டும் இந்தப் பீரியடைக் கடனா வாங்கிக்கிறேன்" என்பார். ஒருநாளும் திருப்பிக் கொடுத்தது கிடையாது. பாட்டு வகுப்பு, ஓவிய வகுப்பு, நூலக வகுப்பு எல்லாம் இப்படிக் கடன் கொடுத்தே காலியாகின. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வாழ்க்கையை மாற்றப்போவது அந்த மார்க் ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அது பொய்யும் இல்லை. அன்றைக்குப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த சிலரைத் தவிர.

நம் தலைமுறை ஐ.டி. பெற்றோர் பெரும்பாலும் இந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்கள்தான். பாடத்துக்கு வெளியே ஒரு பிள்ளை எதையாவது செய்வது எதற்காக என்று நமக்கு யாரும் காட்டவில்லை. அதனால் இங்கே வந்து, 'எக்ஸ்ட்ரா கரிகுலர் முக்கியம்' என்று கேள்விப்பட்டதும், நமக்குத் தெரிந்த ஒரே வழியில் அதையும் கையாள்கிறோம். அதைப் பரீட்சையாக்குகிறோம். டியூஷன் வைக்கிறோம். லெவல் கேட்கிறோம்.

சனிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் ஏதாவது ஒரு வகுப்பு வாசலில் கார் நிறுத்துமிடத்தில் நின்று பாருங்கள். "உங்க பொண்ணு எந்த லெவல்?", "அந்த சார் கிட்ட போட்டீங்களா, இந்த மேடம் கிட்ட போட்டீங்களா?", "அரங்கேற்றம் எப்ப?" இதுதான் பேச்சு. என் மகளுக்கும் ஒரு காலத்தில் வாரத்துக்கு ஆறு வகுப்பு இருந்தது. கணக்கு, பரதம், நீச்சல், செஸ், கோடிங், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி. அட்டவணையை எக்செல்லில் நான்தான் போட்டேன், நிறம் எல்லாம் கொடுத்து. பெருமையாகக்கூட இருந்தது. இப்போது பார்த்தால் அந்த அட்டவணையில் கடன் வாங்காத பீரியட் ஒன்றுகூட இல்லை.

பயம் எங்கிருந்து வருகிறது

'குழந்தைகளைச் சும்மா விடுங்கள்' என்று அறிவுரை சொல்வது சுலபம். நம் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் பேச வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மொத்தம் 10 இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. பிள்ளை மூன்றாவது படிக்கும்போதே அந்தப் பத்துக் கட்டங்களை மனதில் போட்டு நிரப்ப ஆரம்பித்துவிடுகிறோம்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. பிள்ளைகள் எச்-4-ல் இருப்பார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அதனால் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையன் கோடையில் ஐஸ்கிரீம் கடையில் நின்று சம்பாதிப்பது மாதிரியோ, சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போவது மாதிரியோ இவர்களால் போக முடியாது. அரசு ஆய்வகங்கள் நடத்தும் கோடைப் பயிற்சிகள் பலவற்றில் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். கிரீன் கார்டு வரிசையோ நமக்குத் தெரிந்ததுதான். அது வருவதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் எச்-4 நிலையும் போய்விடும். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டிருக்கும் அப்பன், மகள் செய்யும் ரோபோ வளைந்து போனால் ராத்திரி எழுந்து நிமிர்த்தத்தான் செய்வான். நான் நிமிர்த்தினேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த 150 எழுத்தை நிரப்பப்போவது பிள்ளை. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதும், நேர்காணலில் கேட்டால் பதில் சொல்லப்போவதும் அவள்தான். 10 வயதில் ஒரு நடுவர் கேட்ட கேள்வியை 17 வயதில் வேறொருவர் வேறு வார்த்தையில் கேட்பார். அன்றைக்கும் அவள் திரும்பி என்னைப் பார்த்தால்?

ஆமையும் தவளையும்

ரோபோவை விட்ட பிறகு நாலு மாதம் அவள் எதிலும் சேரவில்லை. வகுப்புகளையும் மூன்றாகக் குறைத்தோம். வீட்டில் எனக்குக் கை பரபரவென்றுதான் இருந்தது. என் மனைவி, "ஏங்க, கொஞ்ச நாள் சும்மா இருங்களேன். அவளுக்குச் சலிச்சாத்தான் எதையாவது தேடுவா" என்றாள்.

அவள் தேடிக்கொண்டது பொது நூலகத்தில். புத்தகம் எடுக்கப் போன இடத்தில், ஒரு மேசையைச் சுற்றி வயதான பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து கொக்கி ஊசியால் நூல் பின்னிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் குரோஷா என்பார்களே, அதேதான். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டணம் இல்லை. மகள் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் போனாள். ஒரு ஆமை பின்ன ஆரம்பித்தாள்.

அந்த ஆமையை அவள் நாலு தடவை பிரித்தாள். ஓடு ஒரு பக்கம் வீங்கிவிட்டது, கண்ணி எண்ணிக்கை தப்பிவிட்டது, இப்படி ஏதாவது ஒன்று. எனக்கு வேடிக்கையாக இருந்தது. கணக்கு வகுப்பில் ஒரு தப்பு வந்தால் அழுகிற பிள்ளை, இங்கே இரண்டு வார வேலையைச் சிரித்துக்கொண்டே பிரிக்கிறாள். இங்கே பின்னுகிறவர்கள் அப்படிப் பிரிப்பதற்குத் தவளையின் பெயரை வைத்திருக்கிறார்கள்: 'ஃபிராகிங்'. 'ரிப் இட், ரிப் இட்' என்று சொல்லிக்கொண்டே நூலை இழுத்தால் தவளை கத்துகிற மாதிரி இருக்குமாம். அந்தப் பாட்டிகளும் பிரிக்கிறார்கள், இவளும் பிரிக்கிறாள். யாரும் மார்க் போடவில்லை. யாரும் ராத்திரியில் எழுந்து அவளுக்காகப் பின்னி வைக்கவில்லை.

ஐந்தாவது தடவை வந்த ஆமை இப்போது என் அலுவலக மேசையில் மானிட்டருக்குக் கீழே இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை.

காசில்லாமல் திறந்திருக்கும் கதவுகள்

அந்த நூலக மேசைதான் எனக்கும் கண்ணைத் திறந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருவதெல்லாம் கட்டண வகுப்புகளின் விளம்பரம். இந்த நாட்டில் பிள்ளைகளுக்காக நூறு வருடமாக நடந்துவரும் சில ஏற்பாடுகள் நம் வீதியிலேயே இருந்தும் நம் கண்ணில் படுவதில்லை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நூலகமே. கோடை வாசிப்புத் திட்டம், பிள்ளைகள் குழுக்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தன்னார்வ வேலை என்று பல ஊர் நூலகங்களில் உண்டு. தன்னார்வ வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பதால் எச்-4 பிள்ளைகளுக்கும் பொருந்தும். எங்கள் ராலே நகரத்து இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் மாதிரி, நுழைவுக் கட்டணமே இல்லாத அருங்காட்சியகங்களும் இருக்கின்றன.

இரண்டாவது, 4-எச். பெயரைக் கேட்டதும் நானும் ஏதோ விசா என்று நினைத்தேன். தலை, இதயம், கைகள், ஆரோக்கியம் என்ற நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்து அது. 1902-ல் ஒஹாயோவில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. வட கரோலினாவில் 1909-ல், சோளம் பயிரிடும் பையன்களின் குழுவாகத் தொடங்கியது. இப்போது மாநிலப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவு நடத்துகிறது. 5 முதல் 18 வயது வரை சேரலாம். கோழி வளர்ப்பு, தையல், சமையல், மேடைப் பேச்சு, ரோபோ எல்லாம் உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களாக இருந்தும், பிள்ளை தக்காளிச் செடியைத் தொட்டதே இல்லை என்ற வீடுகள் நம்மில் நிறைய. அவர்களுக்கு இது நல்ல இடம்.

மூன்றாவது, பள்ளியே நடத்தும் போட்டிகள். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை மேத்கவுன்ட்ஸ் இருக்கிறது, 1983-லிருந்து நடக்கிறது. சயின்ஸ் ஒலிம்பியாட் அணியில் 15 பேர் வரை இருப்பார்கள். இதில் சில பிரிவுகள் எழுத்துத் தேர்வு, சில பிரிவுகளில் கருவியைக் கையால் செய்துகொண்டு போக வேண்டும். பள்ளியில் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்கலாம். பல இடங்களில் ஆரம்பிக்காததற்குக் காரணம், வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்க ஒரு பெரியவர் கிடைக்காததுதான். அந்தப் பெரியவர் நாமாக இருக்கலாம். நிமிர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவராக.

எங்கள் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பெயர். 1963-ல் தொடங்கிய கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற கோடை உறைவிடத் திட்டம். இந்த வகையில் நாட்டிலேயே மூத்தது. அங்கே மதிப்பெண்ணும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. அடுத்தது, டர்ஹமில் 1980-ல் ஆரம்பித்த அறிவியல், கணித உறைவிடப் பள்ளி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு. அரசுப் பள்ளி என்பதால் மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம்.

அப்புறம், நம்மவர்களே கட்டி எழுப்பியவை. ஸ்பெல்லிங் பீ 1925-லிருந்து நடக்கிறது. 1985-ல் பாலு நடராஜன் ஜெயித்தார். இந்திய வம்சாவளியில் முதல் ஆள் அவர்தான். 1999-க்குப் பிறகு பெரும்பாலான வருடங்களில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள்தான் கோப்பையைத் தூக்கினார்கள். 2019-ல் எட்டுப் பேர் சேர்ந்தே ஜெயித்தார்கள். இதற்குப் பின்னால் 1989-ல் தொடங்கிய நார்த் சவுத் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் அந்தப் போட்டிகளால் சேரும் பணம் இந்தியாவில் ஏழை மாணவர்களின் கல்லூரி உதவித்தொகைக்குப் போகிறது. போட்டி என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. வார்த்தையின் வேர் தேடி ரசிக்கிற பிள்ளைக்கு அது திருவிழா. பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு அது இன்னொரு கணக்கு வாத்தியார்.

தமிழ்ப்பள்ளியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்க விடாமல் எழுப்புகிறோம் என்று பிள்ளைகளுக்குக் கோபம் இருக்கும். ஆனால் 2011-ல் கலிபோர்னியாவில் சட்டமான இருமொழி முத்திரை இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியில் தேர்ச்சி காட்டும் மாணவருக்குப் பள்ளிச் சான்றிதழிலேயே அது பதிவாகும். வட கரோலினாவில் அதற்குக் குளோபல் லேங்குவேஜஸ் எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். தமிழையும் அதற்குக் காட்ட வழி இருக்கிறது. உங்கள் பள்ளி ஆலோசகரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வையுங்கள்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் இப்படி ஏதாவது உண்டு. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் இணைப்பாட நடவடிக்கை ஒன்று கட்டாயம். பிரிட்டனில் 1956-லிருந்து டியூக் ஆஃப் எடின்பரோ விருது இருக்கிறது. 14 வயதிலிருந்து சேரலாம். அதில் தொண்டு, உடற்பயிற்சி, ஒரு திறமை, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போகும் பயணம் என்று நாலு பகுதி. லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் சொன்னான்: "மழைல கூடாரம் ஒழுகி, ராத்திரி பூரா நனைஞ்சோம் அண்ணா. அதான் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு." அந்தக் கூடாரத்தை யாரும் அவனுக்காகக் கட்டித் தரவில்லை.

இரண்டாவது வருடம்

2025 ஆகஸ்டில் ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் புதுத் தலைப்பு வந்தது: தொல்லியல். பழைய அணியில் இருந்த ஒரு பையன் மகளிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, நான் வரேன். ஆனா ரூல்ஸ் நாங்க எழுதுவோம்" என்றாள்.

எழுதி கராஜ் சுவரில் ஒட்டினார்கள். 'அங்கிள், ஆன்ட்டி யாரும் ரோபோவைத் தொடக் கூடாது. கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. பீட்சா வாங்கலாம்.' கடைசி வரி எனக்கு மட்டும்: 'நைட் 8 மணிக்கு மேல் கராஜ் பூட்டு.'

தொல்லியல் என்றதும் எனக்குக் கீழடிதான். 2015-ல் அகழாய்வு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு செய்தியையும் படித்தவன் நான். 'பானை ஓட்டில் தமிழ் எழுத்து' என்று மேடையில் பிள்ளைகள் சொன்னால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஸ்லைடே போட்டுவிட்டேன். பிள்ளைகள் என்னிடம் கேட்கவில்லை. அவர்களாகவே ஒரு தொல்லியலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, வீடியோ அழைப்பில் பேசினார்கள். அவர் சொன்னதில் அவர்களுக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். தோண்டி எடுக்கும் பொருளைப் பையில் போட்டு, எந்த இடம், எந்த அடுக்கு என்று சீட்டு எழுதி வைப்பார்கள். மழையில் அந்தச் சீட்டு அழிந்துவிட்டால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஓடு வெறும் ஓடுதான். 'நனையாத சீட்டு' என்று ஆறு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். பேசாமல் பீட்சா வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பையன், மதுரையில் இருக்கும் அவன் பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறான். பாட்டி கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர். போனில் எடுத்த படங்களை அனுப்பிவிட்டார். "அங்கிள், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று அவன் என்னிடம் காட்டினான். தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. "நீ சொல்லேன்" என்றேன். அவன் சொன்னதில் இரண்டு தப்பு இருந்தது. அடுத்த வாரம் அவனே ஒன்றைத் திருத்திக்கொண்டு வந்தான்.

ரோபோ வேலை பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு கியரை மாற்றினால் அரை மணியில் தீரும் என்று எனக்குத் தெரிந்த பிரச்சினைக்கு அவர்கள் மூன்று சனிக்கிழமை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சண்டை வந்தது. ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா எனக்கு போன் செய்து, "அண்ணா, நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லிக் கொடுக்கக் கூடாதா? மத்த டீம்ல எல்லாம் அப்பாக்கள் எவ்வளவு பண்றாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போன வருடம் நானே அந்த அப்பாதானே. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்மா" என்றேன். என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். பதிவுக் கட்டணம், ரோபோ, பாய், மேசைப் பலகை எல்லாம் சேர்த்து முதல் வருடம் எங்களுக்கு ஆயிரம் டாலர் பக்கம் ஆனது. ஆறு வீடும் பிரித்துக்கொண்டோம். இரண்டாவது வருடம் ரோபோ கையில் இருந்ததால் வெகுவாகக் குறைந்தது. ஒரு பிள்ளையின் ஒரு மாத வகுப்புக் கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தால் இது பெரிசாகத் தெரியாது.

போட்டி நாளில் முதல் ஆட்டத்திலேயே ரோபோவின் கை கழன்று விழுந்தது. போன வருடம் என் ரோபோ எடுத்த மதிப்பெண்ணில் பாதியைச் சற்றுத் தாண்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை. போன வருடமும் தேர்வாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவர் அறையில் நான் அதே மாதிரி பின்சுவர் நாற்காலியில் இருந்தேன். கை ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். பதில் சொன்னது என் மகள் இல்லை. அணியிலேயே சின்னவன், வாயே திறக்காத பையன். எந்த முள் தளர்ந்தது, முதலில் எப்படி மாட்டினோம், ஏன் மாற்றினோம் என்று ஆரம்பித்தான். இன்னொருத்தி இடையில் புகுந்து, "இல்ல, அதுக்கு முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு" என்றாள். என் மகள், "அதை மாத்தச் சொன்னது நான்தான், அது தப்பு" என்றாள். ஒரே சத்தம். நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர் கையைத் தூக்கியும் நிறுத்தவில்லை. ஒருவர்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

அன்று இரவு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். "என்னய்யா, பாப்பா ஜெயிச்சாளா?" என்றார்.

"இல்லப்பா. ரோபோ கை கழன்று விழுந்துருச்சு."

"அடடா. நீ பார்த்துக் கட்டிக் குடுத்திருக்கலாம்ல?"

"அவங்க விடலப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் ஹாக்கி மட்டை இன்னும் பரண்லதான் கெடக்கு. போன வாரம் எலி அடிக்க ஏறினப்ப பார்த்தேன்" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். விமானத்தில் விடுவார்களா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு வார அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை தப்புச் செய்தால், அதைச் சரிசெய்ய யாரும் ஓடி வர மாட்டார்கள்? அப்படி ஒன்று இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால், நாளைக்கே புதிதாக எதிலும் சேர்க்க வேண்டாம். ஒன்றைக் குறையுங்கள். கடன் வாங்கின பீரியட் ஒன்றையாவது திருப்பிக் கொடுங்கள்.

இங்கே வளர்ந்து இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா ராத்திரி கராஜில் உட்கார்ந்திருந்தால், அது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. அவருக்கு அந்த வயதில் விளையாடக் கிடைக்கவில்லை. சுவரில் ஒரு விதி எழுதி ஒட்டுங்கள். பீட்சாவை மட்டும் அவர் பொறுப்பில் விடுங்கள்.